பெண்ணின் இதயம்: பழைய பிரசவ ஃபைலிலிருந்து தொடங்கலாம்

அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒரு பழைய பிரசவ ஃபைல் கிடக்கும். குழந்தை பிறந்ததோடு அதன் வேலை முடிந்தது என்று எடுத்து வைத்திருப்போம். அதில் எட்டாம் மாதப் பக்கத்தில் 'பிபி 150/100' என்று ஒரு வரி இருக்கலாம். இன்னொரு பக்கத்தில் 'சர்க்கரை அதிகம்' என்று இருக்கலாம். பிரசவம் ஆனதும் இரண்டும் இறங்கிவிட்டதால் அந்தப் பக்கங்களை யாரும் மறுபடி புரட்டியிருக்க மாட்டார்கள். இருபது வருடம் கழித்து அதே பெண்ணுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயசாச்சு, அசதி என்று விட்டுவிடுகிறார். இதயம் அவரிடம் முதலில் பேசியது அந்த எட்டாம் மாதத்தில்தான் என்பது அவருக்குத் தெரியாது.

அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உலக அளவில் பெண்களின் மரணத்துக்கு முதல் காரணம் இதய நோய்களும் ரத்தக்குழாய் நோய்களும்தான். இறக்கும் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இவற்றால் இறக்கிறார். மார்பகப் புற்றுநோயை நினைத்துப் பயப்படும் அளவில் கால்பங்கு கவனம்கூட இதயத்துக்குக் கிடைப்பதில்லை. ஆனால் இந்த நோயில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

அடிப்படையிலிருந்து ஆரம்பிப்போம்.

ரத்தக்குழாய்க்குள் என்ன நடக்கிறது?

இதயம் நம் கைமுஷ்டி அளவுள்ள ஒரு தசை. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. அதன் அறைகளுக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருந்தாலும், தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் அதிலிருந்து கிடைப்பதில்லை. இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் தனிக் குழாய்கள்தான் அந்தத் தசைக்குச் சாப்பாடு போடுகின்றன. பெரிய குழாயே சில மில்லிமீட்டர் அகலம்தான்.

கொழுப்பு அடைப்பு என்றதும் தண்ணீர்க் குழாயில் பாசி பிடிப்பது போன்ற படம்தான் பலர் மனதில் வரும். உண்மையில் கொழுப்பு சேர்வது குழாயின் சுவருக்குள்ளே. ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தால், அது குழாயின் மெல்லிய உள்தோலைத் தாண்டி அடியில் போய்த் தங்குகிறது. புகையும் உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அந்த உள்தோலைப் புண்ணாக்கி அதற்கு வழி திறந்துவிடுகின்றன. உடம்பின் பாதுகாப்பு அணுக்கள் வந்து அந்தக் கொழுப்பை விழுங்குகின்றன. விழுங்கி, உப்பி, அங்கேயே மடிகின்றன. இப்படி வருடக்கணக்கில் அந்த இடம் தடித்துக்கொண்டே போகிறது. இளம் வயதிலேயே ஆரம்பித்துவிடும் வேலை இது. வலி கிடையாது, அறிகுறி கிடையாது.

தடிப்பு வளர்ந்து குழாய் குறுகினால், வேகமாக நடக்கும்போதும் படி ஏறும்போதும் இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் நெஞ்சு இறுகும், உட்கார்ந்தால் விடும். மாரடைப்பு வேறு மாதிரி வருகிறது. அந்தத் தடிப்பின் மேல்மூடி திடீரென்று கிழிகிறது, அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகிக் குழாயை அடைத்துவிடுகிறது. மூடி கிழியாமல் மேற்பரப்பு மட்டும் தேய்ந்து உரிந்து, அதன்மேல் ரத்தம் உறைவதும் உண்டு. பெண்களிடம், முக்கியமாக இளம் பெண்களிடம், இந்த வகை கூடுதலாகக் காணப்படுகிறது. எப்படி அடைத்தாலும் அரை மணி நேரத்துக்குள் அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை சாக ஆரம்பித்துவிடும். மாரடைப்பில் நிமிஷக் கணக்கு பேசுவது இதனால்தான்.

பெண்ணுக்கு எங்கே வித்தியாசப்படுகிறது?

52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' என்ற பெரிய ஆய்வில், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் 9 வருடம் தாமதமாக வருவது தெரிந்தது. மாதவிடாய் இருக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ரத்தக்குழாய்களை இளக்கமாக வைத்திருக்க உதவுகிறது, கொலஸ்ட்ராலையும் ஓரளவு கட்டுக்குள் வைக்கிறது. 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கும்போது அந்தத் துணை போய்விடுகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், இடுப்பில் இருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும், ரத்த அழுத்தமும் மெதுவாக ஏறும். சில வருடங்களுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்று இருந்ததை வைத்துக்கொண்டு இந்த வயதில் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மறுபடி பார்க்க வேண்டிய சமயமே இதுதான்.

இந்த 9 வருட இடைவெளிதான் மாரடைப்பு ஆண்களின் நோய் என்ற நினைப்பை வளர்த்தது. மருத்துவ உலகமும் இந்த நினைப்பிலிருந்து தப்பவில்லை. தினமும் சிறிதளவு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் மாரடைப்பைத் தடுக்கலாமா என்று அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களை வைத்து ஆராய்ந்து 1989இல் முடிவு வெளியிட்டார்கள். அத்தனை பேரும் ஆண்கள். பெண்களை வைத்துச் செய்த ஆய்வின் பதில் 2005இல்தான் வந்தது. கிட்டத்தட்ட 40,000 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், ஆஸ்பிரின் முதல் மாரடைப்பை மொத்தத்தில் குறைக்கவில்லை. ஒருவகைப் பக்கவாதம் மட்டும் கொஞ்சம் குறைந்தது, ரத்தக்கசிவு கூடியது. எனவே யாரோ சொன்னார்கள் என்று தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளாதீர்கள். அதேபோல, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களோ ஸ்டென்ட் வைத்தவர்களோ, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை இதைப் படித்துவிட்டு நிறுத்தவும் கூடாது.

இன்னொரு வித்தியாசம் சிறு குழாய்களில் இருக்கிறது. நெஞ்சுவலி என்று போய் ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். பெரிய குழாய்கள் எல்லாம் சுத்தமாக இருக்கும். 'ஒன்றுமில்லை, டென்ஷன்தான்' என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்தப் படத்தில் தெரியாத நுண்ணிய குழாய்கள் சரியாக விரியாவிட்டாலும் இதயத் தசைக்கு ரத்தம் குறையும், நிஜமாகவே வலிக்கும். இது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். ஆஞ்சியோ நார்மல் என்று வந்தும் வலி தொடர்ந்தால், 'சிறு ரத்தக்குழாய்ப் பிரச்சினையாக இருக்குமா, அதற்குப் பரிசோதனை உண்டா?' என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

குழாயின் சுவர் தானாகக் கிழிந்து அடைத்துக்கொள்ளும் இன்னொரு வகையும் உண்டு. அது பெரும்பாலும் பெண்களைத்தான் தாக்குகிறது. கொலஸ்ட்ரால் அதிகமில்லாத, ஒல்லியான, நாற்பதுகளில் இருக்கும் பெண்ணுக்கும் வரும். பிரசவம் ஆன சில வாரங்களில்கூட வரலாம். வயது குறைவு என்பதை வைத்து நெஞ்சுவலியை ஒதுக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அறிகுறிகள்

பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியே வராது என்று இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அது சரியில்லை. பெண்களுக்கும் அதிகம் வருவது நெஞ்சு சம்பந்தப்பட்ட தொந்தரவுதான். ஆனால் அதை அவர்கள் வலி என்று சொல்வதில்லை. 'நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்கு', 'பாரமா இருக்கு', 'கரிக்குது', 'ஏதோ பிசையுது' என்பார்கள். அதோடு மூச்சு வாங்குதல், குமட்டல், வாந்தி, வியர்த்துக் கொட்டுதல், தாடையிலோ கழுத்திலோ தோள்பட்டையிலோ முதுகின் மேல்பகுதியிலோ வலி, தலைசுற்றல், காரணமில்லாத கடும் அசதி என்று கூடவே இரண்டு மூன்று சேர்ந்து வருவது பெண்களிடம் அதிகம். நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இவை மட்டும் வருவதும் உண்டு.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். இரவு பத்து மணி. சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு மேல்வயிற்றில் ஏதோ கெட்டியாகப் பிடித்த மாதிரி இருக்கிறது. வாயு என்று நினைத்து வெந்நீர் குடிக்கிறார். தாடை வலிக்கிறது. பின்கழுத்து நனைந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கப் போகிற நேரம், எதற்குத் தொந்தரவு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறார். இதே அறிகுறிகள் கணவருக்கோ பிள்ளைக்கோ வந்திருந்தால் அடுத்த நிமிஷமே ஆட்டோவோ ஆம்புலன்ஸோ பிடித்திருப்பார். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு ஆண்களைவிடத் தாமதமாகப் போய்ச் சேர்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட இரவுகள்தான் இருக்கின்றன. அந்தத் தாமதம் எனக்கு மனசு ஆறாத விஷயம்.

இந்த மாதிரி தொந்தரவு புதிதாக வந்து சில நிமிஷங்களில் விடாவிட்டால், அல்லது விட்டுவிட்டு வந்தால், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆஸ்பத்திரியில் 'எனக்கு மாரடைப்பாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். உடனே ஈசிஜி எடுப்பார்கள். முதல் ஈசிஜி நார்மலாக இருந்தாலும் அதோடு விஷயம் முடிவதில்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டியிருக்கலாம். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பார்கள். பெண்களின் ட்ரோபோனின் எல்லை ஆண்களுடையதைவிடக் குறைவு என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இனி அந்த ஃபைலுக்கு வருவோம்

கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்டப் பாதி கூடிவிடுகிறது. இதயம் ஒரு நிமிஷத்துக்கு வெளியேற்றும் ரத்தமும் 30 முதல் 50 சதவீதம் வரை ஏறுகிறது. சர்க்கரையைக் கையாளும் விதமே மாறுகிறது. அதாவது இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் மாதக்கணக்கில் ஒரு பரீட்சை நடக்கிறது. பெரும்பாலான பெண்கள் சிரமமில்லாமல் அதைத் தாண்டிவிடுகிறார்கள். சிலருக்கு அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, குழந்தை முன்கூட்டியே பிறக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு பரீட்சை முடிந்து எண்கள் இறங்கலாம். ஆனால் ரத்தக்குழாய்கள் எங்கே பலவீனமானவை என்பதைப் பரீட்சை காட்டிக்கொடுத்துவிட்டது.

கர்ப்பத்தில் அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகும் ப்ரீஎக்லாம்ப்சியா வந்த பெண்களுக்கு, பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. இதயம் பலவீனமாகும் வாய்ப்பு அதைவிட அதிகம். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிறகு நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். 37 வாரத்துக்கு முன்னால் பிரசவம் ஆனதும், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆனதும்கூட இதய மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்கள்தான்.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். இரண்டு மடங்கு என்றால் நிச்சயம் வரும் என்று பொருள் இல்லை. முப்பது வயதில் ஒருவருக்கு இந்த ஆபத்து மிகச் சிறியது. அது இரட்டிப்பானாலும் சிறியதுதான். ஆனால் அவருக்குக் கையில் இருபது வருட அவகாசத்தோடு ஒரு முன்னறிவிப்பு கிடைத்திருக்கிறது. ஆண்களுக்கு இப்படி ஒன்று கிடைப்பதே இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு முறையும், அதற்குப் பிறகு 1 முதல் 3 வருடத்துக்கு ஒரு முறையும் சர்க்கரை பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறியவர்கள் வருடம் ஒரு முறையாவது பிபி பார்க்க வேண்டும். கைக்குழந்தையோடு அலைகிற அந்த நாட்களில் தாயின் பரிசோதனைதான் முதலில் விட்டுப்போகும். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டால் பெரிய உதவி.

பிரசவத்தைச் சுற்றி இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடைசி மாதத்திலோ, குழந்தை பிறந்து முதல் ஐந்து மாதங்களிலோ இதயத் தசை திடீரென்று பலவீனமாகும் நோய் ஒன்று அபூர்வமாக வரும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வைத்தால்தான் தூங்க முடிகிறது, கால் வீக்கம் வடியாமல் கூடுகிறது என்றால், பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விடக் கூடாது. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஃபைலில் இல்லாத வேறு சிலவும் உண்டு. 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றது, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, முடக்கு வாதம், உடம்பின் பாதுகாப்பு அணுக்களே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய், மார்பகப் புற்றுநோய்க்கு எடுத்த கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் இதய ஆபத்தைக் கூட்டுகின்றன. ஹார்மோன் மாத்திரை எடுத்தால் இதயத்துக்குப் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் மார்பகப் புற்றுநோயோடு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து, ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்த பகுதியை 2002இல் பாதியில் நிறுத்தினார்கள். உடல் சூடு, வியர்வைத் தொந்தரவுக்காக மருத்துவர் பார்த்துத் தரும் ஹார்மோன் சிகிச்சை வேறு. இதயத்துக்காக என்று மட்டும் அதை எடுக்க வேண்டாம்.

எண்களைத் தெரிந்துகொள்வது

இன்டர்ஹார்ட் ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம் மிகவும் தெம்பு தருவது. மாரடைப்பு ஆபத்தில் 90 சதவீதத்துக்கு மேல், அளக்கவும் மாற்றவும் முடிகிற ஒன்பதே காரணிகளில் அடங்கிவிடுகிறது. புகை, கொலஸ்ட்ரால், அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடற்பயிற்சி இல்லாமை, மது ஆகியவைதான் அவை. சர்க்கரை நோயும் புகையும் ஆணைவிடப் பெண்ணின் இதயத்தைக் கூடுதலாகப் பாதிக்கின்றன என்பது வேறு ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது.

இவற்றில் பிபியை வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் பலர் தப்பாகப் பார்க்கிறார்கள். வேலையிலிருந்து ஓடிவந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே, ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினால் வரும் எண்ணை நம்ப முடியாது. அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வையுங்கள். ஒரு நிமிஷ இடைவெளி விட்டு இரண்டு முறை பாருங்கள். காலையும் மாலையும் ஒரு வாரம் இப்படிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனால், மருத்துவருக்கு அது ஒற்றை அளவைவிட எவ்வளவோ மேல். 120/80க்குக் கீழே இருந்தால் நல்லது. வீட்டில் பார்த்த சராசரி 135/85ஐத் தாண்டினால் உயர் ரத்த அழுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். பெண்ணின் வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டும்போதே ஆபத்து கூட ஆரம்பிக்கிறது. எடை மெஷினைவிட இந்த டேப் அளவு அதிகம் சொல்லும். கொலஸ்ட்ராலுக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே இலக்கு கிடையாது. உங்கள் மற்ற ஆபத்துகளைப் பொறுத்து மருத்துவர் சொல்வார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தேவை என்றால் தயங்காதீர்கள், அது ஆண்களுக்கு உதவுவதுபோலவே பெண்களுக்கும் உதவுகிறது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், பிபி மாத்திரைகளில் சிலவற்றுக்கும் இதேதான்.

அன்றாடத்தில்

புகைப்பவர் நிறுத்தினால், ஒரே வருடத்தில் இதய நோயின் கூடுதல் ஆபத்து பாதியாகிவிடுகிறது. வேறெந்த மருந்தும் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு தருவதில்லை. 35 வயதைத் தாண்டிய, புகைக்கும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கவே கூடாது. வீட்டில் மற்றவர் விடும் புகையும் உங்கள் குழாய்களுக்குள் போகிறது என்பதால், வாசலுக்கு வெளியே போய்ப் பிடிக்கச் சொல்வது உங்கள் உரிமை.

வீட்டு வேலையே போதாதா என்று நிறையப் பெண்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மூச்சு கொஞ்சம் வேகமாகி, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவுக்குச் செய்கிற எந்த வேலையும் கணக்கில் சேரும். நின்றபடியே செய்யும் வேலைகள் உடம்பை அசத்துமே தவிர, இதயத்துக்கு அந்தப் பயிற்சியைத் தருவதில்லை. வாரம் 150 நிமிஷம் வேக நடை, இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிஷமாகவும் செய்யலாம், அதைவிடக் குறைவாகவும் செய்யலாம்.

சாப்பாட்டில் உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்கட்டும். காய்கறி, பழம், பருப்பு, முழுத்தானியம் கூடட்டும், பொரித்ததும் பாக்கெட்டில் வருவதும் குறையட்டும். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கம் எங்கே இருந்தாலும், காய் தீர்ந்துபோன தட்டுதான் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும். அவருக்கான காயை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

தூக்கத்தையும் மனதையும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தொடர்ந்து தூக்கம் கெடுவதும், தீராத மனச்சோர்வும் இதய ஆபத்தைக் கூட்டுகின்றன. திடீர்த் துக்கத்தில் இதயமே செயல் குன்றிப்போகும் 'டகோட்சுபோ' என்ற நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் விவரித்தார்கள். அப்போது இதயத்தின் இடது அறை ஆக்டோபஸ் பிடிக்கும் பானை வடிவில் உப்பியிருக்கும், அந்தப் பானையின் பெயர்தான் நோய்க்கும் வந்தது. அது வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள். மனசு உடைந்துபோச்சு என்று நாம் சொல்வதை உடம்பும் சில சமயம் அப்படியே செய்துகாட்டுகிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுப்பதும் இதயத்தைப் பார்த்துக்கொள்வதன் ஒரு பகுதிதான்.

சரி, இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. அந்தப் பிரசவ ஃபைலை வெளியே எடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பிபி ஏறியதா, சர்க்கரை இருந்ததா, எத்தனை வாரத்தில் பிரசவம், குழந்தையின் எடை. அதன்கீழே மாதவிடாய் நின்ற வயது, கடைசியாகப் பார்த்த பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால், வயிற்றுச் சுற்றளவு. அப்புறம் அப்பாவுக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்கு முன்னாலும், அம்மாவுக்கோ சகோதரிக்கோ 65க்கு முன்னாலும் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். மகள் இருந்தால் அவளுக்கு ஒரு நகல் கொடுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும், காய்ச்சலுக்கே போனாலும், அந்தத் தாளை எடுத்து நீட்டி, 'இதைப் பார்த்துவிட்டு என் இதயத்துக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க டாக்டர்' என்று கேளுங்கள்.